உடையும் சார்புகள்: ஒரு சொல்லடைவை முன்வைத்து

'பின்நவீனத்துவம்' இருந்தது, 'கூலி' இல்லை. 'அமைப்பியல்' இருந்தது, 'சாதி' இல்லை. 'தொழிலாளர்கள்' இருந்தார்கள், 'தொழிலாளி' சில இதழ்களில் இருந்தார், சில இதழ்களில் காணாமல் போயிருந்தார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த சிறுபத்திரிகைகளுக்காகக் காரைக்குடியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் நாங்கள் நாலைந்து பேர் தயாரித்துக்கொண்டிருந்த சொல்லடைவின் லட்சணம் இது. சிறுபத்திரிகைகளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு நிரூபணமாகிவிட்டது என்று யாரும் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். அந்தப் பக்கங்களில் கூலியும் சாதியும் நிலமும் பெண்ணும் தாராளமாகவே இருந்தன. அவற்றைத் தின்றது ஒரு நிரல். இன்னும் சரியாகச் சொன்னால், நிரல் எதன்மேல் உட்கார்ந்திருந்ததோ அது நகர்ந்துபோனது. நிரல் அப்படியேதான் இருந்தது.

நான் தமிழ் எம்.ஏ. கம்ப்யூட்டர் முறையாகப் படித்தவனல்ல. அந்தச் சொல்லடைவை மீட்டெடுக்க உட்கார்ந்த இரண்டு மாதங்களில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன். நம்முடைய பழைய இதழ்கள், மின்நூல்கள், வழக்கு ஆவணங்கள், கள ஆய்வுப் பதிவுகள் எல்லாம் இன்று முகம் தெரியாத யாரோ எழுதிய நிரல்களின் தோளில் நிற்கின்றன. அந்தத் தோள் அசைந்தால் நமக்கு என்ன ஆகிறது என்று எழுதுகிறவனும் இயக்கத்தில் இருக்கிறவனும் தெரிந்துகொள்ளாவிட்டால், 'அதெல்லாம் டெக்னிகல் விஷயம்' என்று ஒதுங்கிக்கொண்டால், நம் நினைவின் ஒரு பகுதியை நாமே பூட்டிச் சாவியை எறிந்தவர்களாவோம்.

1

நிரல் எழுதுகிறவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. கோப்பைத் திறக்க, தேதியைக் கணக்கிட, சொற்களை வரிசைப்படுத்த என்று ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்ட நிரல்களை எடுத்துப் பயன்படுத்துகிறார். அப்படிப்பட்ட தொகுப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லைப்ரரி, நூலகம். நம் நிரல் அதைச் சார்ந்திருப்பதால் அது நம் 'சார்பு'. தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதில்லை. தொல்காப்பியம் மூன்று சார்பெழுத்துகளைச் சொல்கிறது, நன்னூல் பத்தாக்குகிறது. குற்றியலுகரம் தனியாக நிற்காது. அது குறுகுவது பக்கத்தில் இருக்கும் எழுத்தால்.

சார்பு என்றால் ஏதோ புதிய நோய் என்று எண்ண வேண்டாம். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அதன் முதல் அடி எழுத்துருவில் விழுந்தது. தொண்ணூறுகளில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அச்சுக்கோத்த ஃபைல்களை இன்று திறந்து பாருங்கள். 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். அந்த ஃபைலுக்குள் தமிழ் ஒருபோதும் இருந்ததில்லை. இருந்தவை ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள். அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டியது எழுத்துரு. எழுத்துரு இல்லையென்றால் பிரதி இல்லை. நம்ம ஊருக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த பழைய புத்தகங்களைப் படிக்கக் கண்ணும் வெளிச்சமும் போதும் (அந்தச் சேகரம் 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையில் நூலகமானது). 1890-ல் அச்சிட்ட குஜிலிப் பாட்டைப் படித்துவிடலாம், 1996-ல் அச்சுக்கோத்த ஃபைலைப் படிக்க முடியாது என்பது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

நம் நிரலுக்கும் நூலகத்துக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இன்ன பெயரால் கூப்பிடு, இன்னதைக் கொடு, இன்னதைத் திருப்பித் தருகிறேன் என்பது அந்த ஒப்பந்தம். ஏ.பி.ஐ. என்பது இதுதான். நூலகத்தை எழுதுகிறவர்கள் அதை மேம்படுத்தும்போது உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒப்பந்தம் மாறாதவரை நமக்குத் தெரியவே தெரியாது. ஒப்பந்தமே மாறினால், அதாவது கூப்பிடும் பெயரோ கொடுக்கும் பொருளோ திரும்பி வருவதோ மாறினால், நம் நிரல் உடைகிறது. 'உடைக்கும் மாற்றம்' என்று நிரலாளர்கள் சொல்வது இதை. (கட்டுடைத்தல் என்று இதை மொழிபெயர்க்க ஒரு நண்பர் ஆசைப்பட்டார். வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.) பலர் நூலகங்களுக்குப் பதிப்பெண்ணை மூன்று பகுதியாக வைத்து, ஒப்பந்தம் உடையும்போது முதல் எண்ணைக் கூட்டுகிறார்கள். 1.9.4 என்பது 2.0.0 ஆனால் எச்சரிக்கை என்று அர்த்தம். எல்லோரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை.

2

உடைவதில் இரண்டு வகை உண்டு. சத்தம் போட்டு உடைவது ஒன்று, சத்தமில்லாமல் உடைவது இன்னொன்று. இந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு நம் எழுத்தின் வரலாற்றிலேயே பார்த்துவிடலாம்.

தொல்காப்பியத்தின்படி எகரமும் ஒகரமும் புள்ளி பெறும். அதாவது 'எ' என்ற வடிவத்தின்மேல் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 18-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம் இதைப் புரட்டிப் போட்டது. நெடிலுக்குப் புதிதாக 'ஏ' வந்தது. புள்ளியில்லாத வெறும் 'எ' குறிலாகிவிட்டது. இங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். 'எ' என்ற வடிவம் ஒழிந்துபோகவில்லை, அதே இடத்தில் அதே உருவத்தோடு நிற்கிறது, ஆனால் அதன் ஒலி எதிர்ப்பக்கம் போய்விட்டது. பழைய சுவடியைப் புதிய பழக்கத்தில் வாசிக்கிறவனுக்குப் 'பிழை' என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போவான், தப்பாக. சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இடப்படவில்லை, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருந்தன என்பதையும் சேர்த்துக்கொண்டால், பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு சீரையும் தளையையும் பொருளையும் வைத்து இது குறிலா நெடிலா என்று ஏன் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்பது விளங்கும். சத்தமில்லாத உடைப்பின் செலவு அது. மாற்றியவர் கட்டவில்லை, நூறு நூற்றைம்பது வருஷம் கழித்து வாசித்தவர்கள் கட்டினார்கள்.

இதற்கு நேர்மாறானது பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம். 1935-ல் குடி அரசில் அவர் நடைமுறைப்படுத்தியதை 1978-ல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. துதிக்கை தூக்கிய பழைய 'னை' போய் இப்போதைய 'னை' வந்தது. புதிய வடிவம் எதுவும் வேறோர் எழுத்தின் பழைய வடிவமாக இருந்ததில்லை. ஆகவே பழையதைப் புதியது என்று தவறாக வாசிக்க வாய்ப்பே இல்லை. பழைய புத்தகத்தை எடுத்த பையன் திணறுவான், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பான், தெரிந்துகொள்வான். திணறல் என்பது நல்ல விஷயம். அது சத்தம்.

காசு விஷயத்தில் இந்திய அரசு இதைவிடச் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா என்ற கணக்கு போய் 100 பைசா வந்தபோது, புதிய பைசாவுக்கு வெறுமனே பைசா என்று பெயர் வைத்திருந்தால் கடைவீதி முழுக்கச் சண்டைதான். 'நயா பைசா' என்று வைத்தார்கள். நயா என்றால் புது. அது ஒரு பதிப்பெண். சில வருஷம் பழைய காசும் புதுக் காசும் சேர்ந்தே புழங்கின. ஜனங்களுக்குப் பழகியபின் 1964-ல் 'நயா'வை எடுத்துவிட்டார்கள். ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்பதால் அந்தக் காலைச் சில்லறை வாங்குகிறவன் இழந்தானா விற்கிறவன் இழந்தானா என்ற தகராறு இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்தப் பைசா என்ற குழப்பம் இல்லை. பேச்சிலோ 'நாலணா' சாகவேயில்லை. 2011-ல் 25 பைசா நாணயம் செல்லாததான பிறகும் 'நாலணாவுக்குப் பெறாத ஆளு' என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

3

எங்கள் நிரல் பைத்தான் என்ற மொழியில் எழுதப்பட்டது. பைத்தான் 2-லிருந்து பைத்தான் 3-க்கு நடந்த மாற்றம், அண்மைக்கால மென்பொருள் வரலாற்றில் அதிகம் திட்டு வாங்கிய உடைப்புகளில் ஒன்று. 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். பழைய 2.7-க்கான பராமரிப்பு 2015-ல் முடியும் என்று முதலில் சொன்னார்கள். ஜனங்கள் நகரவில்லை. 2014-ல் கெடுவை 2020 வரை நீட்டினார்கள். 2020 ஜனவரி 1-ல் ஒருவழியாகக் கதவைச் சாத்தினார்கள். பதினொரு வருஷம்! ஒரு மொழி இரண்டாகப் பிளந்து, ஒரே பெயரில் இரண்டு ஊராக இருந்தது.

எதற்காக இந்த உடைப்பு? 'பிரின்ட்' என்ற கட்டளைக்குப் புதிதாக அடைப்புக்குறி வந்தது, வகுத்தல் மாறியது என்றெல்லாம் பட்டியல் உண்டு. பிரதானமான காரணம் எழுத்து. அதுவும் நம்முடைய எழுத்து.

பைத்தான் 2-ல் 'சரம்' என்று சாதாரணமாகச் சொன்னால் அது பைட்டுகளின் வரிசை. ஆங்கிலத்துக்கு இது பிரச்சினையே இல்லை, ஓர் எழுத்துக்கு ஒரு பைட். மற்ற மொழிகளுக்கு 'யூனிகோடு சரம்' என்று தனியாக ஒன்றை வைத்திருந்தார்கள். சொல்லுக்கு முன்னால் ஆங்கில 'யூ' போட்டு அதைக் குறிக்க வேண்டும். ஓட்டலில் பின்வாசல் வைத்த மாதிரி. இரண்டையும் கலந்தால் பைத்தான் தானாகவே ஓர் ஊகம் செய்யும்: இந்தப் பைட்டுகள் ஆஸ்கியாகத்தான் இருக்கும், அதாவது 0 முதல் 127 வரைக்குள்தான் இருக்கும் என்று. தமிழின் ஒவ்வொரு குறியும் யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட். அந்த மூன்றில் முதலாவது எப்போதும் 224. 127-ஐத் தாண்டியது. ஆகவே பைத்தான் 2-ல் தமிழோடு மல்லுக்கட்டிய எவருக்கும் அந்தப் பிழைச் செய்தி மனப்பாடம்: 'ஆஸ்கியால் இந்தப் பைட்டை விளங்கிக்கொள்ள முடியவில்லை, இடம்: பூஜ்யம்.' முதல் பைட்டிலேயே. ஆங்கிலம் இயல்பு, மற்றதெல்லாம் விதிவிலக்கு என்ற கருத்துநிலை ஒரு மொழியின் இலக்கணத்துக்குள் இத்தனை துல்லியமாகப் பதிந்திருப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பைத்தான் 3 இந்தப் படிநிலையைக் கவிழ்த்தது. சரம் என்றாலே யூனிகோடு. பைட்டு வேண்டுமென்றால் நீதான் தனியாகக் கேட்க வேண்டும். ஊகம் கிடையாது, கலந்தால் உடனே பிழை. மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம் என்பதும் அப்போது வந்ததுதான்.

அந்தப் பதினொரு வருஷ முணுமுணுப்பை இந்த வெளிச்சத்தில் வாசித்துப் பார்க்கலாம். 'நல்லா ஓடிட்டிருந்த நிரலை ஒண்ணுமில்லாததுக்காக உடைச்சுட்டாங்க' என்று சொன்னவர்களில் கணிசமானோர் ஆங்கிலத்தை மட்டும் கையாண்டவர்கள். அவர்களுக்கு நல்லாத்தான் ஓடியது. நமக்கு ஓடவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 'பழசோடு ஒத்துப்போக வேண்டும்' என்பது நடுநிலையான தொழில்நுட்பக் கோரிக்கைபோலத் தோன்றும். எந்தப் பழசு, யாருக்கு ஓடிய பழசு என்று கேட்டால் அதன் நடுநிலைமை கொஞ்சம் கலைகிறது.

அதற்காகப் பைத்தான்காரர்கள் செய்ததெல்லாம் சரி என்று சொல்லவரவில்லை. 3.0-ல் அந்த 'யூ' முன்னொட்டையே தடை செய்தார்கள். இதனால் இரண்டு பதிப்பிலும் ஓடக்கூடிய ஒரே நிரலை எழுதுவது வீணாகக் கடினமாயிற்று. அதிகம் அடிபட்டவர்கள் யாரென்றால், பைத்தான் 2-லேயே ஒழுங்காக 'யூ' போட்டு எழுதிய ஆங்கிலமல்லாத மொழிக்காரர்கள்! தப்பை உணர்ந்து 2012-ல் 3.3 பதிப்பில் அந்த முன்னொட்டை மறுபடி அனுமதித்தார்கள். எந்த வேலையும் செய்யாத ஒரு முன்னொட்டு, வெறும் பாலம். எங்களுக்கு 'நயா' ஞாபகம் வந்தது.

4

இனி எங்கள் கதை. நிரலை எழுதிய தம்பி, பைத்தான் 2 காலத்தில், சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைட்டு எண்ணிக்கை வருகிறது என்று கண்டுகொண்டான். 'காரைக்குடி' 30 என்று வரும். மூன்றால் வகுத்தால் 10 குறி. ஒன்றிரண்டு குறி மட்டும் உள்ள துண்டு துக்காணிகளை, அச்சுப்பிழையில் பிய்ந்து நிற்பவற்றை, அடைவில் சேர்க்க வேண்டாம் என்பதற்காக ஒரு வரி எழுதிவைத்தான்: நீளத்தை மூன்றால் வகு, மூன்றுக்குக் குறைந்தால் தள்ளிவிடு. பத்து வருஷம் ஓடியது.

பழைய கம்ப்யூட்டர் புட்டுக்கொண்டது. புதியதில் பைத்தான் 3 மட்டும். பழைய நிரலைத் தானாக மாற்றித் தரும் கருவி ஒன்று பைத்தானோடு அப்போது வந்துகொண்டிருந்தது. அதில் போட்டு எடுத்தோம். அது 'பிரின்ட்'டுக்கெல்லாம் அடைப்புக்குறி போட்டது. நிரல் ஓடியது, ஒரு பிழைச் செய்தியும் இல்லை. 'பாத்தீங்களாண்ணே, அரை நாள்ல முடிச்சாச்சு' என்றான் தம்பி. டீ சொல்லிக் கொண்டாடினோம்.

சில வாரம் கழித்து ஓர் ஆய்வு மாணவி வந்து, 'கூலி' என்ற சொல் எந்தெந்த இதழில் வருகிறது என்று பார்க்கணும் என்றார். ஓரிடத்திலும் இல்லை. 'என்னங்கண்ணே, கூலியப் பத்தி யாருமே எழுதலையா?' என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பைத்தான் 3-ல் நீளம் கேட்டால் பைட்டு வராது, குறி வரும். 'காரைக்குடி' இப்போது 30 அல்ல, 10. அதை மறுபடி மூன்றால் வகுத்தால் மூன்றே சொச்சம். 'கூலி' 4 குறி, வகுத்தால் ஒன்று சொச்சம், தள்ளு. 'சாதி' 4, தள்ளு. 'பெண்' 4. 'நிலம்' 5. 'தலித்' 5. 'விடுதலை' 7. 'அதிகாரம்' 8. எல்லாம் போச்சு. ஒன்பது குறியும் அதற்கு மேலும் உள்ள சொற்கள் மட்டும் தப்பின. 'போராட்டம்' சரியாக ஒன்பது, மயிரிழையில் பிழைத்தது. 'பின்நவீனத்துவம்' பதினைந்து குறி, அதற்கென்ன கவலை.

'தொழிலாளி' விவகாரம் இன்னும் வினோதம். சாதாரணமாக எட்டு குறி, தள்ளப்பட வேண்டும். ஆனால் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட ஃபைல்களில் 'தொ'வின் உயிர்க்குறி ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறியாகச் சேமிக்கப்பட்டிருந்தது. யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. எண்ணிக்கையில் மட்டும் ஒன்பது. ஆக, நேரடியாகத் தட்டச்சு செய்த இதழ்களில் தொழிலாளி இல்லை, மாற்றி எடுத்த இதழ்களில் இருக்கிறார்.

பைத்தான் 2-ன் ஆவணங்கள் 'தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு என்ற கணக்கில் நீளம் தருவேன்' என்று எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. தம்பி சார்ந்திருந்தது ஒப்பந்தத்தை அல்ல, பழக்கத்தை. வாடகைக்கு இருப்பவர் பின்பக்கச் சந்து வழியாகப் போய்ப் பழகிவிட்டார். பத்திரத்தில் அந்தச் சந்து இல்லை. வீட்டுக்காரர் ஒருநாள் சுவர் எழுப்புகிறார். சட்டப்படி யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சார்புகளில் கடினமானவை இந்தப் பழக்கச் சார்புகள்தான். எந்த மாற்றப் பட்டியலிலும் அவை வராது.

5

சரி, 10 என்பதாவது சரியா? 'காரைக்குடி'யில் எத்தனை எழுத்து என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் கா, ரை, க், கு, டி என்று விரல்விட்டு ஐந்து என்று சொல்லும். பைத்தான் 2 முப்பது என்றது, பைத்தான் 3 பத்து என்கிறது. 'தமிழ்' 15 ஆக இருந்தது, 5 ஆகியிருக்கிறது, 3 ஆகவில்லை. அந்தச் சொல்லைப் பைத்தான் 3-ல் திருப்பிப் போட்டால் முன்னால் ஓர் அநாதைப் புள்ளி, பிறகு ழி, ம, த என்று வரும். மாத்திரை பார்க்க, அசை பிரிக்க இது உதவாது. முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நூலகம் இந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது; சரத்தைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். (அவரே உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியும் பைத்தானின் மேல் நிற்பதுதான்.) அந்த நூலகம் பைத்தான் 2-லும் 3-லும் ஓடுமாறு நெடுநாள் பராமரிக்கப்பட்டது. அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு எத்தகையது என்று இப்போது புரிகிறது.

மூன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பைத்தான் அல்ல, அதற்கும் கீழே இருக்கும் யூனிகோடு. 1991-ல் வந்த யூனிகோடு, இந்திய அரசின் இஸ்கி தரத்தின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அகரமேறிய மெய்யே அடிப்படை, புள்ளியும் உயிர்க்குறிகளும் ஒட்டுகள். 'க்' என்பது க-வும் புள்ளியும். நம் இலக்கணமோ க் என்ற மெய்யும் அ என்ற உயிரும் சேர்ந்து க என்கிறது. 247 எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்ற கோரிக்கை இதிலிருந்து பிறந்தது.

கொரியர்கள் இதே மாதிரிக் கேட்டு வாங்கினார்கள். 1.1 பதிப்பில் 6,656 ஹங்குல் அசைகள் இருந்தன. 1996-ல் 2.0 பதிப்பு வந்தபோது அவற்றைப் பழைய இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து, 11,172 அசைகளாகப் புதிய இடத்தில் வைத்தார்கள். பழைய இடம் பின்னாளில் வேறு எழுத்துகளுக்குப் போனது. அதாவது அதே எண், வேறு பொருள்: வீரமாமுனிவரின் எகரம்! அந்தச் சிக்கலைப் பார்த்தபின், ஒருமுறை இடம்பெற்ற குறியை இனி நகர்த்துவதில்லை, நீக்குவதில்லை என்று யூனிகோடு உறுதி பூண்டது. நமக்குக் கதவு அங்கே சாத்தப்பட்டது. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றபோது, எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்-16 என்ற முறையையும் கூடவே மாற்றாக அறிவித்தது. யூனிகோடின் 'தனிப்பயன் பகுதி'யில் அது உட்கார்ந்திருக்கிறது, புறம்போக்கில் குடிசை போட்டமாதிரி.

பைத்தான் விஷயத்தில் 'உடைக்காதே' என்ற குரல் ஆங்கிலத்தின் சௌகரியத்திலிருந்து வந்தது, அதை மீறியதால் நாம் பயனடைந்தோம் என்றேன். இங்கே அதே 'உடைக்காதே' நம் எழுத்தை வேறொரு எழுத்தின் அச்சில் உறையவைத்திருக்கிறது. அப்படியானால் இதையும் உடைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். என் கருத்து வேண்டாம் என்பதே. 247 கோரிக்கை 1991-ல் நியாயம். இன்று மதுரைத் திட்டம் இருக்கிறது (1998 பொங்கலன்று தொடங்கியது, திஸ்கி குறியீட்டில் ஏற்றிய நூல்களை யூனிகோடுக்கு மறுபடி மாற்றிய அனுபவம் அவர்களுக்கு உண்டு), விக்கிப்பீடியா இருக்கிறது, கோடிக்கணக்கான கைபேசிச் செய்திகள் இருக்கின்றன. இப்போது உடைத்தால் செலவு முழுக்க நம் தலையில். ஆங்கிலத்துக்கு ஒரு கீறலும் விழாது. நம் எழுத்தை எழுத்தாக எண்ண ஒரு நூலகம் போதும், அது இருக்கிறது. இலக்கணப் பெருமைக்காகக் கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் இன்னொரு பாமினி நமக்கு வேண்டாம்.

6

நூலகங்களை யார் பராமரிக்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இரண்டு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். 2016 மார்ச்சில், ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புகிற, பதினொரு வரி மட்டுமே கொண்ட 'லெஃப்ட்-பேட்' என்ற தொகுப்பை, பெயருரிமைத் தகராறு ஒன்றில் மனம் கசந்த அதன் ஆசிரியர், தான் எழுதிய மற்ற தொகுப்புகளோடு சேர்த்துப் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். உலகெங்கும் பெரிய பெரிய நிறுவனங்களின் நிரல்கள் கட்டப்படாமல் நின்றன. சில மணி நேரத்தில் அவரைக் கேட்காமலே அதைத் திருப்பி வைத்தார்கள். 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்ற நூலகத்தில் பெரிய பாதுகாப்பு ஓட்டை தெரிந்தபோது, பெருநிறுவனங்களும் அரசுகளும் சார்ந்திருந்த அதைப் பராமரித்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் சம்பளமில்லாமல் செய்யும் ஒரு சிலர் என்பதும் சேர்ந்தே தெரிந்தது. சந்தா வராமல் கைக்காசு போட்டு இதழ் நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம்: நம் இதழ் நின்றபோது எந்த வங்கியும் ஆடவில்லை.

7

எங்கள் நிரலை என்ன செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் பழைய நிலைக்குத் திரும்பினோம். பழைய கம்ப்யூட்டரின் வட்டிலிருந்து பைத்தான் 2-ஐயும் நிரலையும் மீட்டு, அதே ஃபைல்களுக்குப் பழைய அடைவை ஒருமுறை முழுக்க எடுத்து வைத்துக்கொண்டோம். புதியது தருவதை எதனோடு ஒப்பிடுவது என்பதற்கு ஓர் ஆதாரப் பிரதி வேண்டுமே. பாடபேதம் பார்க்கிறவர்களுக்கு இது பழக்கமான வேலை. இதைச் செய்யாமல் முதலிலேயே டீ சொன்னதுதான் நாங்கள் செய்த தப்பு.

பிறகு நாற்பது சொற்களை ஒரு பில்லின் பின்பக்கம் கையால் எழுதி, பக்கத்தில் விடை எழுதினோம். காரைக்குடி 5, கூலி 2, தொழிலாளி 4, பிரித்துச் சேமித்த தொழிலாளியும் 4. நிரல் ஒவ்வொரு முறை மாறும்போதும் இந்த நாற்பதையும் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தோம். இதற்குச் சோதனை என்று பெயர். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, விடை தெரிந்த கேள்வியை முதலில் கேட்பதுதான்.

நீளத்தைக் கேட்கிற இடங்கள் நிரலில் பதினேழு. அத்தனையையும் எடுத்துவிட்டு, 'எழுத்தெண்ணு' என்று ஒரே ஒரு செயற்கூறை வைத்தோம். அது உள்ளே ஓப்பன்-தமிழைக் கூப்பிடும். நாளைக்கு அந்த நூலகத்தின் ஒப்பந்தம் மாறினாலும் ஓரிடத்தில் மட்டும் கை வைத்தால் போதும். எண்ணுவதற்கு முன் எல்லாச் சொல்லையும் ஒரே சேமிப்பு முறைக்குக் கொண்டுவருகிறோம், தொழிலாளி இரண்டு ஆளாகாமல் இருக்க. குட்டைச் சொல்லைத் தள்ளும் விதியையே தூக்கிவிட்டோம். தள்ள வேண்டியவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலாக வைத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் பார்த்துச் சண்டை போடலாம்.

எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்பதை மூன்று எண்ணும் சேர்த்து ஒரு கோப்பில் எழுதிவைத்தோம். கேட்காமல் எதுவும் தானாக மேம்படாது. இதிலும் ஆபத்து உண்டு. எழுதிவைத்துவிட்டு ஐந்து வருஷம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் மறுபடி அதே பள்ளம், இன்னும் ஆழமாக. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு சமயத்தில் ஒரே ஒரு சார்பை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று முடிவு. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உடைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. 'இந்த வசதி அடுத்த பதிப்பில் நீக்கப்படும்' என்று நிரல் ஓடும்போது வரும் எச்சரிக்கைகளை முன்பு கொசு மாதிரி விரட்டிக்கொண்டிருந்தான் தம்பி. இப்போது நோட்டில் எழுதிக்கொள்கிறான்.

பழைய அடைவையும் புதிய அடைவையும் வரிக்கு வரி ஒப்பிட்டதில் கூலி வந்துவிட்டது, சாதி வந்துவிட்டது. அந்த மாணவிக்குச் சொல்லி அனுப்பினோம். மிச்சம் நிற்பது 'ஸ்ரீ'. 2005-ல் யூனிகோடு 4.1 பதிப்பில் வடமொழியின் தாலவ்ய சகரத்துக்குத் தனி இடம் வந்தபிறகு இந்த எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம் என்றாகிவிட்டது. தொ-வைப்போல இவை இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்லவில்லை. ஆகவே எங்கள் அடைவில் ஸ்ரீரங்கம் இரண்டு இடத்தில் இருக்கிறது, பார்க்க ஒன்றுபோல, வெவ்வேறு பக்க எண்களோடு. எதை எதோடு சேர்ப்பது என்று மாடியில் இன்னும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.